தேதிகள்

தோரோவின் நாட்குறிப்புகளில் நான் திரும்பத்திரும்பப் போவது 1851க்குப் பிந்திய பக்கங்களுக்குத்தான். தன் அறிவு வருஷத்துக்கு வருஷம் விஞ்ஞானமாகக் குறுகிவருகிறதே என்று அந்த வருஷம் அவரே பயந்து எழுதியிருக்கிறார். பிறகு எந்தச் செடி என்றைக்குப் பூத்தது என்ற குறிப்புகள் பெருகுகின்றன. கவிஞன் வற்றிவிட்டான் என்று விமர்சகர்கள் சிலர் தீர்ப்புச் சொன்னார்கள்.

2000க்குப் பின் தாவரவியலாளர்கள் அந்தத் தேதிகளோடு அவருடைய ஊரான கான்கார்டில் அலைந்தார்கள். பூக்கள் சராசரி ஒரு வாரம் முந்திக்கொண்டிருந்தன. சில செடிகள் இல்லவே இல்லை. பூமி சூடேறியதற்கு அந்த வறண்ட வரிகளே சாட்சி.

'வால்டன்' வாசகனைப் பார்த்துப் பேசுகிறது. யாரையும் பார்க்காமல் எழுதிய வரியை அளக்க நம் விமர்சனத்திடம் கோல் இல்லை. பூத்தது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிற அடக்கம் நம் கவிதைகளில் அபூர்வம் என்றே எனக்குப் படுகிறது.