திருச்சானூர்க் கடைத்தெருவில் ஒரு மரப்பாச்சி

நாம் குடியேறி வாழும் நகரில் ஞாயிறுதோறும் பழம்பொருட் சந்தை ஒன்று கூடுவதுண்டு. அங்கே பழைய மர டென்னிஸ் மட்டைகளைத் தேடிச் சேர்க்கும் முதியவர் ஒருவரை அறிவோம். ஆஷ் மரத்தின் மெல்லிய பட்டைகளை ஒட்டி வளைத்துச் செய்த அம்மட்டைகள், உலோகமும் கிராஃபைட்டும் வந்தபின் வழக்கொழிந்தன. நம் இராமநாதன் கிருஷ்ணன் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றது மர மட்டைகளின் காலத்திலேதான். முதியவர் ஒரு மட்டையைக் கையில் எடுத்ததும் அதில் பொறித்த பெயரைத் தேடுவார். டன்லப் மாக்ஸ்பிளை என்றிருந்தால் போதும்; 1931-இல் அது முதன்முதல் வெளிவந்த கதையைத் தொடங்கிவிடுவார்.

"உங்கள் நாட்டில் பழைய மரப்பொருள் எதையேனும் இவ்வாறு போற்றுவதுண்டோ?" என்று ஒரு நாள் வினவினார். மரப்பாச்சியைப் பற்றிச் சொன்னோம். "செய்தவர் யார்?" என்றார். விடை சொல்ல இயலாது நின்றோம்.

நம் அன்னையார் மணமாகி வந்தபோது சீர்வரிசையோடு வந்த இணை அது. ஆணும் பெண்ணுமாக இரு செம்மரப் பொம்மைகள், திருப்பதியில் வாங்கியவை. ஒரே கட்டையில் கடைந்த உடல், உடலோடு ஒட்டிய கைகள், நிமிர்ந்த நிலை. நவராத்திரியில் பட்டுத் துணி சுற்றிக் கொலுவின் மேற்படியில் நிறுத்துவார்கள். குழந்தைகளுக்கு வீக்கம் கண்டால் கல்லில் நீர் விட்டு உரைத்துப் பற்றுப் போடுவதும் உண்டு. நம் பொம்மையின் பாதம் சற்றே தேய்ந்திருப்பது அதனால்தான். வீடு மாறியபோது பெண் பொம்மை எங்கோ போய்விட்டது. எஞ்சிய ஆண் பொம்மை வேலூரில் தமக்கையார் இல்லத்தில் இருக்கிறது. "இன்னும் பெண் அமையாத பிள்ளை" என்று கொலுவுக்குக் கொலு தமக்கையார் கேலி செய்வார்.

சென்ற விடுமுறையில் தாயகம் சென்றபோது, அப்பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சித்தூர் வழியாகப் பேருந்தில் திருப்பதி அடைந்தோம். மலை மீது பெருமாளைச் சேவித்தபின், ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சானூருக்கு வந்தோம். அலர்மேல்மங்கைத் தாயாரின் ஊர் இது. பத்ம சரோவரத்தின் படிகளில் அமர்ந்தால் திருமலைக் கூட்டத்தின் நெரிசல் மறந்துபோகும். ஆனால் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் இறுதியில் பஞ்சமி தீர்த்தத்தன்று இதே படிகளில் கால் வைக்க இடம் இராது. சுற்றிலும் தெலுங்கு ஒலித்தாலும், தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை தருகிறார்கள். எல்லைப் பிரிவினையின்போது இந்நிலத்துக்காக எழுந்த வாதங்களை நம் பெரியோர் அறிவர். கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

கோயிலை அடுத்த கடைத்தெருவில் மரப்பாச்சிகள் வரிசையாக நின்றன. விலையும் மலிவு. ஒன்றைக் கையில் எடுத்தோம். காற்றுப் போல் இலேசாக இருந்தது. செம்மரத்தின் வைரம் நீரில் மிதக்காது, மூழ்கும். இதுவோ வேறு மரத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியது. கடைக்காரர் ஒளிக்கவில்லை. "அசல் மரம் எங்கே ஐயா கிடைக்கும்? மாதவமாலாவுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்" என்று வழி சொன்னார்.

அம்மரம் சேஷாசல மலைகளையும் அவற்றை அடுத்த கிழக்குத் தொடர்ச்சிக் குன்றுகளையும் தாயகமாகக் கொண்டது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இவ்வளவு வளர்வதில்லை. மெல்ல வளரும் மரம். ஜப்பானியர் தம் சாமிசென் யாழுக்கு அதை விரும்புவர். பிற நாடுகளிலும் விலை மிகுந்ததால் கள்ளக் கடத்தல் பெருகிற்று. 1995-இல் அழிவுறும் உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு வாணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அம்மலைக்காட்டில் காவல் துறையினர் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபதின்மர் மாண்டனர். கூலிக்குக் கோடரி ஏந்தச் சென்ற ஏழைகள் என்றே அவர்தம் ஊரார் கூறினர். அச்செய்தியைப் படித்த நாளிலிருந்து கொலுப்படியில் நிற்கும் செந்நிறப் பொம்மையைப் பழைய கண்ணால் பார்க்க நம்மால் இயலவில்லை.

மாதவமாலா, ஏர்ப்பேட்டை அடுத்த சிற்றூர். தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை உளி ஓசை கேட்கிறது. தெய்வ உருவங்களும் வாயிற் பலகைகளும் அங்கே செதுக்குகிறார்கள். முதிய தச்சர் ஒருவரிடம் நம் பொம்மையைக் கொடுத்தோம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"பழைய வேலை ஐயா. உளி நின்ற இடம் தெரிகிறது பாருங்கள். முதுகைத் தட்டையாக விட்டிருக்கிறார். என் பாட்டனாரும் இப்படித்தான் விடுவார்."

"அப்படியானால் அவர் செய்ததாக இருக்குமோ, பெரியவரே?"

"எப்படிச் சொல்வது? எத்தனையோ பேர் செய்தார்கள். பெயரா எழுதி வைத்தார்கள்?"

இணை செய்து தரக் கேட்டோம். செம்மரம் கைவசம் இல்லை என்றார். இருந்தாலும் உரிய அனுமதிச் சீட்டு இன்றி நாட்டை விட்டுக் கொண்டுபோக இயலாது என்பதையும் அவரே எச்சரித்தார். நம் வீட்டுப் பொம்மைக்கும் அதே தடைதான். அன்னையின் சீதனம் என்று விமான நிலையத்தில் சொன்னால் யார் ஏற்பார்? இறுதியில் வேப்ப மரத்தில் ஒரு பெண் பொம்மை செய்ய இசைந்தார். சாயம் வேண்டாம் என்றோம்.

மூன்றாம் நாள் சென்றபோது அது ஆயத்தமாக இருந்தது. வெளிர் மஞ்சள் நிறம், முதுகு தட்டை. பாதத்தின் அடியில் தம் பெயரைப் பொறித்துத் தருமாறு வேண்டினோம். நகைத்து மறுத்துவிட்டார். வற்புறுத்தியபின், ஊர்ப் பெயரை மட்டும் தெலுங்கு எழுத்தில் கீறிக் கொடுத்தார்.

வேலூரில் ஒரே ஓர் இரவு இரண்டையும் கொலுப்பலகையில் சேர்த்து நிறுத்தினார் தமக்கையார். மறுநாள் செம்மரப் பிள்ளை அவரோடு தங்க, வேம்புப் பெண் நம் பெட்டியில் ஏறினாள். ஊர் திரும்பியதும் சந்தை முதியவரிடம் காட்டினோம். அவர் வழக்கம் போல் திருப்பிப் பார்த்து, பாதத்தில் இருந்த எழுத்தைப் படித்துச் சொல்லக் கேட்டார்.