கொல்லைக் கீரைக்கு வாசலில் இடம்

எங்கள் வீட்டு வாசலில் குரோட்டன்ஸும் மல்லிகையும்தான். கீரைப் பாத்தி கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். "வருகிறவர்கள் கண்ணில் முதலில் வெண்டைச் செடியா படணும்?" என்பார் என் கணவர். ஒரு டாக்டரின் கதையைப் படிக்கும்வரை நானும் அதுதான் சரி என்றிருந்தேன்.

அவர் பெயர் ஜோவாகிம் கார்வாலோ. 1869-ல் ஸ்பெயினில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு, பாரிஸில் பேராசிரியர் ஷார்ல் ரிஷேயின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். பின்னாளில், 1913-ல், நோபல் பரிசு வாங்கிய அதே ரிஷேதான். ஆன் கோல்மன் என்ற அமெரிக்கப் பெண்ணும் அங்கேதான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1899-ல் இருவருக்கும் கல்யாணம்.

1906-ல் பிரான்சில், லுவார் நதிப் பக்கமுள்ள வில்லாந்ரி கோட்டை மாளிகையை வாங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஒரு நிதி அமைச்சர் கட்டியது. பின்னால் வந்தவர்கள் பழைய தோட்டத்தை அழித்து, ஆங்கிலேயர் பாணியில் மரமும் புல்வெளியுமாக ஆக்கியிருந்தார்கள். டாக்டர் தம் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு இந்த வேலையில் இறங்கினார். மாளிகையில் பிற்காலத்தார் செய்த மாற்றங்களை நீக்கினார். பழைய தோட்டப் படங்களைத் தேடிப் பார்த்து, 1908 முதல் 1918 வரை தோட்டத்தைத் திரும்ப அமைத்தார்.

அந்தத் தோட்டத்தின் பெருமையே காய்கறிப் பாத்திதான், பாருங்களேன்! ஒரே அளவில் ஒன்பது சதுரம். ஒவ்வொன்றிலும் ஒரு கோலம். சிவப்பு முட்டைக்கோஸ், பீட்ரூட், காரட் தழை எல்லாம் நிறம் மாற்றி மாற்றி நட்டிருக்கிறது. மாளிகையின் மேலிருந்து பார்த்தால் ஜமக்காளம் விரித்த மாதிரி. வருஷத்துக்கு இரண்டு நடவு. ஒரே இனச் செடியை ஒரே பாத்தியில் அடுத்தடுத்து நடுவதில்லை; மண் சத்து இழந்துவிடும் அல்லவா? நம் கீரைப் பாத்திக்கும் அது பொருந்தும்.

இவ்வளவுக்கும் பணம்? ஆன், பென்சில்வேனியாவின் பெரிய இரும்புத் தொழில் குடும்பத்துப் பெண். அந்தப் பிறந்த வீட்டுச் சொத்துதான் கைகொடுத்தது. ஆராய்ச்சியை விட்டது அவரும்தான். ஆனால் நானே "ஒரு டாக்டரின் கதை" என்றுதானே ஆரம்பித்தேன்! கீரையைப் போலவே அவர் பெயரையும் கொல்லைப்புறம் தள்ளிவிட்டேனே என்று உறுத்தியது. பொங்கிப் போடுகிற கைக்கும் அது விளைகிற பாத்திக்கும் பின்கட்டுதான் இடமென்று யார் சொன்னது?

போன ஆடியில் குரோட்டன்ஸை ஓரமாக நகர்த்தி, வாசலில் சிவப்புத் தண்டுக்கீரை ஒரு வரிசை, பச்சை அரைக்கீரை ஒரு வரிசை என்று விதைத்தேன். முதலில் இவர் முகத்தைச் சுளித்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

இருபது நாளில் எதிர்வீட்டு மாமி கேட்டருகே நின்று, "என்னம்மா, புதுசா பூச்செடியா?" என்றார்.

"கீரை, மாமி."

ஈஸிசேரிலிருந்து இவர் குரல் வந்தது: "எல்லாம் அவ போட்டதுதான்!"

அன்று கீரை மசியல் கொஞ்சம் கூடவே ருசித்தது.