நிரைப்பூட்டும் காலங்கடந்த கையேடுகளும்

பிழையான நூலைக் காட்டிலும், ஒரு காலத்திற் சரியாயிருந்து இன்று பொருந்தாது போன நூலே கற்போனைப் பெரிதும் வழிதவறச் செய்யவல்லது. பிழையான கூற்று எங்கேனும் ஓரிடத்தில் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். காலங்கடந்த கூற்றோ, முன்னர்ப் பரிசோதிக்கப்பட்டது, அறிந்தோரால் ஏற்கப்பட்டது என்னும் நம்பிக்கையைத் துணையாகக் கொண்டு நிற்கும். தரவுத்தளங்களின் நிரைப்பூட்டுப் பற்றி மென்பொருள் ஆக்குவோர்க்கென எழுதப்பட்ட குறிப்புகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நிரைப்பூட்டு என்பது யாது? கல்முனையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் இரவுப் பஸ் ஒன்றில் ஆசனம் பதிவதை எண்ணிப் பார்க்கலாம். சாய்ந்தமருதில் ஒருவரும் மருதமுனையில் ஒருவரும் ஒரே கணத்தில் ஒரே ஆசனத்தைக் கேட்கின்றனர். இருவர்க்கும் அதனைக் கொடுத்தல் இயலாது. ஆகவே, முதல்வரின் அலுவல் முடியும்வரை அவ்வாசனத்துக்குரிய நிரையை மற்றவர் மாற்றாதவாறு பூட்டிவைத்தல் வேண்டும். ஓர் ஆசனத்துக்காக அட்டவணை முழுவதையும் பூட்டினால், வேறு ஆசனம் கேட்போரும் காரணமின்றிக் காத்திருக்க நேரும். எதனை, எவ்வளவுக்குப் பூட்டுவது என்னும் இவ்வினாவை ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் ஜிம் கிரேயும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து 1975 இற் கட்டுரையாக வெளியிட்டனர். இத்துறையின் அடிப்படை எழுத்துகளுள் அஃது ஒன்றாகும்.

எனினும், கொள்கை ஒன்றாயினும் அதன் செயல்வடிவம் எல்லா மென்பொருள்களிலும் ஒரேவேளையில் அமைந்துவிடவில்லை. மைக்ரோசொஃப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வர், 1998 இல் வெளிவந்த 7.0 ஆம் பதிப்பிலேயே முழுமையான நிரைப்பூட்டைப் பெற்றது. அதற்குமுன் பெரும்பாலும் பல நிரைகளைத் தாங்கிய பக்கமே பூட்டப்பட்டது. மைஎஸ்கியூஎல்லில், 2010 இல் வந்த 5.5 ஆம் பதிப்புக்கு முன்னர், பயன்படுத்துவோர் வேறொன்றைக் குறிப்பிடாதவிடத்துப் பொதுவாக அமைந்த சேமிப்புமுறை முழு அட்டவணையையும் பூட்டுவதாகவே இருந்தது. அப்பதிப்பிலிருந்து நிரையைப் பூட்டவல்ல இன்னோடிபி அவ்விடத்தைப் பெற்றது. எனவே, பதிப்பைக் குறிப்பிடாது பூட்டைப் பற்றிக் கூறும் எவ்வசனமும் அரைகுறையானதே.

இவற்றுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தின் வரலாறாகும். மேற்கூறிய பஸ் சேவைக்குப் பயணங்கள், பதிவுகள் என இரு அட்டவணைகள் உள்ளன எனக் கொள்வோர், ஒவ்வொரு பதிவும் தனக்குரிய பயணத்தை அந்நியச் சாவியினாற் சுட்டி நிற்பதைக் காண்பர். இல்லாத பயணத்துக்கு ஒருவர் ஆசனம் பதிவதை அச்சாவி தடுக்கின்றது. பதிவொன்று சேரும்போது, அது சுட்டும் பயணம் இடையில் நீக்கப்படாதவாறு பயணத்தின் நிரையும் பூட்டப்படுதல் வேண்டும். 2005 இல் 8.1 ஆம் பதிப்பு வரும்வரை இப்பூட்டு தனியுரிமைப் பூட்டாக இருந்தது. அதனால், ஒரே பஸ்ஸில் வெவ்வேறு ஆசனங்களைப் பதியும் இருவருள் ஒருவர் மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. 8.1 இல் பகிர்பூட்டு வந்தது. பதிவோர் பலர் ஒருங்கே இயங்கலாயினர். ஆயினும், அவர்களது அலுவல் முடியும்வரை பஸ் புறப்படும் நேரத்தை மாற்ற விரும்பிய முகாமையாளர் காத்திருக்க வேண்டியிருந்தது. 2013 இல் வந்த 9.3 ஆம் பதிப்பில் அக்குறையும் நீங்கியது. சாவியை மட்டும் காக்கும் மென்மையான பூட்டு ஒன்று புகுத்தப்பட்டமையால், நேரத்தை மாற்றுவோரும் ஆசனம் பதிவோரும் ஒருவரையொருவர் தடுப்பதில்லை. பயணத்தையே நீக்குவோரும் அதன் இலக்கத்தை மாற்றுவோருமே இன்று காத்திருத்தல் வேண்டும்.

இம்மாற்றங்களைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் அதிகாரபூர்வக் கையேடு, பதிப்புத்தோறும் தனித்தனியே பதிந்து வைத்துள்ளது. இடர்ப்பாடு அங்கன்று, அதனைப் படித்து எழுதப்பட்ட இரண்டாந்தரக் குறிப்புகளிலேயே உள்ளது. விரிவுரைக் குறிப்பின் நிழற்பிரதி, அலுவலகத்துள் கைமாறும் வழிகாட்டி, முன்னவர் விட்டுச்சென்ற விளக்கம் ஆகியவற்றில், அந்நியச் சாவி பூட்டுநெருக்கடியை உண்டாக்கும், ஆதலால் அதனைத் தவிர்க்க என்னும் அறிவுரை 2005 க்கு முற்பட்ட நிலையிலேயே உறைந்து கிடக்கலாம். அதனை நம்பிய இளைஞன் சாவியை அகற்றுவான். எதிர்பார்த்த அளவுக்கு வேகம் கூடாது. காவல் மட்டும் நீங்கும். நீக்கப்பட்ட பயணத்துக்குப் பதிவு எஞ்சியிருக்கும். அப்பதிவை நம்பிப் பயணி ஒருவர் இரவிற் பெட்டியுடன் பஸ் நிலையத்தில் நிற்பார். பழைய வசனம் ஒன்றின் விலையைச் செலுத்துபவர் அதனை எழுதியவருமல்லர், படித்தவருமல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கரையோர மக்களுக்கு இத்தகைய விழிப்புப் புதியதன்று. அரபுக் கல்லூரிகளிற் பயில்வோர் நாஸிக், மன்ஸூக் என்னும் பாகுபாட்டை அறிவர். முன்வந்த விதி எது, அதனை மாற்றிய பின்வந்த விதி எது என்று அறியாதவர் தீர்ப்புக் கூறத் தகுதியற்றவர் என்பது அக்கல்வியின் துணிபு. இறைவேதத்துக்கும் மனிதர் எழுதும் கையேட்டுக்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டையும் ஒப்பவைத்தல் தகாது. எனினும், முற்பட்டதை அழித்துவிடாது, அதன் காலத்தையும் எல்லையையும் அறிந்து போற்றும் அவ்வொழுங்கு கையேடு திருத்துவோரும் கைக்கொள்ளத்தக்கது.

திருத்தமாவது பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய வரியை எழுதுவது மட்டுமன்று. பழைய பதிப்பைக் கைவிடாத அலுவலகம் ஒன்றில் அப்பழைய வரி இன்றும் மெய்யே. ஆதலின், எப்பதிப்பு வரை இது பொருந்தும், எப்பதிப்பில் ஏன் மாறியது என்னும் இரண்டையும் திருத்தம் கூறுதல் வேண்டும். சான்று காட்டுதலும் அரிதன்று. ஒரே கணினியில் இரு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ஆசனப் பதிவைச் சேர்த்து முடிவுறுத்தாது நிறுத்தி, மற்றையதில் அப்பயணத்தின் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். பின்னர் அப்பயணத்தை நீக்க முயன்று பார்க்கலாம். முன்னையது உடனே நிறைவேறுவதையும் பின்னையது காத்து நிற்பதையும் கண்ணாற் கண்டபின் எழுதப்படும் வரிக்கு வேறு பரிந்துரை வேண்டியதில்லை. திருத்துவோர் மறுகோடிக்குச் செல்லாதிருத்தலும் வேண்டும். பூட்டு மென்மையானது என்பதனால் அதனைப் பற்றிய கவலையே வேண்டாம் என்று எழுதுதல் புதிய பிழையாகும். இருவர் ஈர் ஆசனங்களை எதிரெதிர் ஒழுங்கிற் பூட்ட முயன்றால், ஒருவர்க்காக மற்றவர் என்றென்றும் காத்திருக்கும் முட்டுநிலை இன்றும் தோன்றும். தரவுத்தளம் அதனைக் கண்டறிந்து ஒருவருடைய அலுவலைக் கைவிடச் செய்யும்.

இப்பணி தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர்க்கு ஏனையோர்க்கினும் இன்றியமையாதது. ஆங்கிலத்தில் ஒரு குறிப்புப் பழுதாயின், அதனை மறுக்க வேறு பத்துக் குறிப்புகள் இருக்கும். தமிழில் ஒரு பொருளுக்கு ஒரு குறிப்பே உள்ளபோது, அதன் பிழைக்கு எதிர்ச்சான்று இல்லை. கல்முனையை அடுத்த காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) அறிவியற் கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தார். சொல்லை ஆக்கித் தந்த தலைமுறைக்குப் பின்வருவோரின் கடமை, அச்சொற்களால் எழுதப்பட்டவை காலத்தோடு பொருந்துகின்றனவா என்று காத்துவருவதாகும். 1995 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற கல்விக்கூடங்கள் இக்கரையிலேயே உள்ளன. புதிய தரவுத்தளம் ஒன்றை ஆக்குதற்குப் பெரும் பொருளும் பல்லாண்டும் வேண்டும். பழைய வரி ஒன்றைப் பரிசோதித்து, பதிப்பும் ஆண்டும் இட்டுத் திருத்துதற்கு ஒரு கணினியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.