ஸ்டாப்பர்

கோவை நேரு ஸ்டேடியத்தின் படிக்கட்டில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பதினொரு வயது. 1992-ஆம் ஆண்டு சந்தோஷ் டிராபி கால்பந்து இறுதியாட்டம், கேரளமும் கோவாவும். கேரள எல்லையான வாளையாறு தாண்டி வந்த கூட்டம் எங்களைச் சுற்றிலும். ஆட்டம் தொடங்கும் முன்பே பலருக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது.

அந்தத் தவிப்புக்குக் காரணம் சொன்னவர் அப்பா. 1973-ல் எர்ணாகுளத்தில் கேரளம் ஒரே ஒருமுறை வாங்கிய கோப்பை. அண்மையில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதியாட்டம்வரை வந்து, நான்கிலும் தோல்வி. அதில் ஒன்று இதே கோவாவிடம். கடைசியாக, முந்தின முறை, சொந்த மண்ணான பாலக்காட்டில் மகாராஷ்டிரத்திடம் ஒரே கோலில். "கடைசிப் படியில வழுக்கி வழுக்கி விழறாங்க சாமி. இன்னைக்காவது ஏறட்டும்" என்றார்.

பையன்களின் கண் கோல் போடுகிறவர் மேல்தான் இருக்கும். என் கண் கேரள அணித் தலைவர் வி. பி. சத்தியனை விட்டு நகரவில்லை. அவர் ஸ்டாப்பர் பேக். எதிரணி ஆள் பந்தோடு வரும்போது அவசரப்பட்டுப் பாயமாட்டார். ஓரடி, ஈரடி பின்வாங்கி, வருகிறவனை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போவார். பந்து அவன் காலைவிட்டு ஒரு சாண் விலகும். அந்தச் சாண் இடைவெளியில் இவர் கால் இருக்கும். தடுப்பது இவ்வளவு அழகான வேலையா என்று அன்றுதான் கண்டேன். இன்றுவரை எனக்குக் கால்பந்து என்றால் அந்த ஒரு சாண்தான்.

3-0. 19 ஆண்டுத் தாகம் எங்கள் ஊரில் தீர்ந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாளிலிருந்து எங்கள் தெரு ஆட்டத்தில், யாரும் கேட்காத ஸ்டாப்பர் இடத்தை நான் கேட்டு வாங்கினேன்.

இந்திய அணிக்கும் தலைமை தாங்கிய அவர், பிறகு இந்தியன் வங்கி அணிக்காகச் சென்னைக்கு வந்தார். ஆடி முடித்தபின் அங்கேயே பயிற்சியாளரானார். 2003-ல் ஒரு மாலை, மைதானத்து ஓரத்தில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் போவதற்கே கால் மணி நேரமானது.

"நான் கோயமுத்தூருங்க சார். தொண்ணூத்திரெண்டு ஃபைனல் பாத்தேனுங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நானும் ஸ்டாப்பர் ஆடினவன் என்றதும் குனிந்து என் முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்புகளைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு ஸ்டாப்பர்களுக்கு அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை.

2006 ஜூலை 18. பல்லாவரத்தில் ரயில் மோதி அவர் உயிர் போயிற்று. வயது 41. இந்திய அணியின் முன்னாள் தலைவர் ஒருவர் தங்கள் நடுவே வாழ்ந்தார் என்பதைச் சென்னையில் பலர் அன்றுதான் அறிந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2018-ல் அவர் கதையை 'கேப்டன்' என்று மலையாளத்தில் படமாக எடுத்தார்கள், ஜெயசூர்யா நடித்தார். பாதிக்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

செய்தி வந்த அன்று ஊருக்குப் போன் செய்தேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அன்னைக்கு நீ அவரைப் பாத்தப்ப, ஃபைனலுக்கு நானும் கூட வந்திருந்தேன்னு சொன்னியா சாமி?"

நான் சொல்லியிருக்கவில்லை.