பொறியில் பொறி இல்லை

'பொறி' என்னும் சொல்லுக்கு இயந்திரம் என்று பொருள். தீப்பொறி என்றும் பொருள். கண், செவி முதலான புலனுறுப்பு என்றும் பொருள். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடும் காட்சியைக் காண விரும்புவோர், சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ள மறுக்கிறது என்று நிற்கும் ஒரு காரின் அருகில் போய் நிற்கலாம். 'செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல' என்பது பட்டறை வழக்கு. பெட்ரோல் எஞ்சினைப் பற்றியே இங்கே பேசுகிறோம். டீசல் எஞ்சின் அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எரிந்துகொள்வது. அதற்குப் பொறி தேவையில்லை.

சுற்றுவது வேறு, எரிவது வேறு. ஆயினும் இரண்டுக்கும் தந்தை ஒருவரே என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் வாழ்ந்த சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பற்றவைப்பு முறை 1910இல் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. கைப்பிடி போட்டுச் சுழற்றும் பாட்டை ஒழித்த மின்சார ஸ்டார்ட்டரும் அவர் கொடுத்ததே. 1912ஆம் ஆண்டுக் காடிலாக்கில் அது வந்தது. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பெட்ரோல் அம்பாசிடர்களின் பற்றவைப்பும் கெட்டரிங் வகுத்த வழியிலேயே அமைந்தது.

அந்த வழியில் ஒரு விந்தை உண்டு. காயிலுக்குள் இரண்டு சுற்றுகள்: தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மயிரிழைக் கம்பியில் பல ஆயிரம் சுற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடியிருக்கையில் தடித்த கம்பியில் மின்சாரம் ஓடிக் காந்தம் திரள்கிறது. அப்போது பொறி வராது. பாயிண்ட் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வாய் திறந்து மின்னோட்டத்தை அறுக்கும்போது அக்காந்தம் சரிகிறது. அச்சரிவில்தான் மெல்லிய சுற்றில் 15,000, 20,000 வோல்ட் எழுந்து பிளக்கின் முனையைத் தாண்டுகிறது. அறுப்பு கூர்மையாக இருக்கவேண்டும். அதற்குத் துணை நிற்பது கண்டன்சர். நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு நூறு தடவை நிகழ்கிறது. இவ்வளவும் ஒழுங்காக நடப்பதே வியப்பு. நடக்காமற் போவதில் வியப்பில்லை.

2003இல் பாளையங்கோட்டையில் நம் நண்பர் ஒருவர் பழைய பெட்ரோல் கார் ஒன்றைத் திருமண வாடகைக்கு ஓட்டிவந்தார். ஆவணி முகூர்த்த நாட்கள் நெருங்கும் வேளையில் வண்டி படுத்துவிட்டது. ஒரு பட்டறையில் மூன்று நாள் நின்றது. காயில், கண்டன்சர், பாயிண்ட், பிளக் நான்கு என எல்லாம் புதிதாக ஏறின; பொறி மட்டும் வரவில்லை. கடன் வாங்கிப் பணம் கட்டினார். கழற்றிய சாமான்களும் கைக்கு வரவில்லை. பிறகு முதியவர் ஒருவர் வந்தார். அவரிடம் இருந்தவை ஒரு ஸ்க்ரூ டிரைவரும், இரண்டு வயர் கோத்த சிறிய 12 வோல்ட் பல்பும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நண்பரிடம் கேட்டார்: "சாமானெல்லாம் புதுசாத்தான்வே இருக்கு. கரண்ட் எங்க நிக்குன்னு பாத்தீரா?"

"அத அவங்க பாத்திருப்பாங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

முதலில் எஞ்சினைச் சுற்றச் சொல்லி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் திரும்புகிறதா என்று நோக்கினார். அது அசையாது நின்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. சுற்றலைக் கடத்தும் செயினோ பல்லோ போயிருக்கும். திரும்பியது. அடுத்துக் காயிலின் நடு வயரை, ரப்பர் உறையால் பிடித்து, எஞ்சின் உலோகத்துக்கு அரை விரல் தொலைவில் காட்டச் செய்தார். அங்கே பொறி வந்திருந்தால் குறை மூடியிலோ, ரோட்டாரிலோ, பிளக் வயர்களிலோ இருக்கும். வரவில்லை. ஒரே சோதனையில் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விடுபட்டது.

பிறகு பல்பு. ஒரு வயர் பாடியில், மறு வயர் காயிலின் பாயிண்ட் பக்கத்து முனையில். எஞ்சின் சுற்றும்போது பல்பு சிமிட்டினால் பாயிண்ட் தன் வேலையைச் செய்கிறது. எரியவே எரியாவிட்டால், காயிலின் மறுமுனைக்கு மின்சாரம் வந்திருக்கும் பட்சத்தில், தடித்த சுற்று அறுந்திருக்கலாம், கண்டன்சர் பழுதாகியிருக்கலாம், புதுப் பாயிண்ட் மாட்டியவர் சின்ன வாஷரை இடம் மாற்றிப் போட்டிருக்கவும் கூடும். இங்கே பல்பு சிமிட்டாமல் நின்று எரிந்தது. ஆக, மின்சாரம் காயிலைக் கடந்துவிட்டது. தரை சேர வழியில்லை. பாயிண்டின் வாயில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டு அதன் ஸ்பிரிங்கைப் பல்பால் தொட்டார். இருட்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிமுனையில் வெளிச்சம், நாலு அங்குலம் தள்ளி உள்ளே இருட்டு. நடுவில் இருந்தது ஒரு சிறு வயர். அதைப் பிடித்து இழுத்தார். ரப்பர் போல நீண்டது. உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பிழைகள் யாவும் அற்றுப்போயிருந்தன. ஆக்சிலரேட்டரை மிதிக்குந்தோறும் பாயிண்ட் அமர்ந்த தட்டு சற்றே திரும்பும். பல்லாண்டு அத்தட்டோடு வளைந்து வளைந்து அற்ற வயர் அது. கண்ணுக்கு அது நல்ல வயர்தான்.

ஏடுகளை ஒப்பு நோக்காமல் தமக்குத் தோன்றிய பாடத்தை ஏற்றிவிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. பட்டறையில் அதே செயலுக்குப் பில் போடுகிறார்கள். மாற்றிய சாமான்களுள் ஒன்று தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டால் வண்டி ஓடும். எது நோய் என்பது எவருக்கும் தெரியாமலே போகும். புதுக் கண்டன்சரே பழுதாக வந்திருந்தாலோ கோளாறு இரண்டாகிவிடும். வண்டிக்காரர்கள் பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நம் நண்பருக்கு இரண்டு முகூர்த்தங்கள் கைவிட்டுப் போயின.

இன்றைய கார்களில் பாயிண்ட் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பெரும்பாலும் பிளக்குக்கொரு காயில். எப்போது அறுக்கவேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. எஞ்சின் சுழல்வதை அதற்கு அறிவிப்பது கிராங்க் சென்சார். இவற்றில் வயரைக் கழற்றிப் பொறி பார்க்கும் பழைய வித்தையைக் காட்டக் கூடாது. கணினிக்கும் ஆகாது, கைக்கும் ஆகாது. எல்லாப் பிளக்கிலும் ஒருசேரப் பொறி இல்லையெனில், எல்லாக் காயிலும் ஒரே நாளில் செத்தன என்று கொள்வதைவிட, அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸ், ரிலே, சென்சார் ஆகியவற்றைச் சோதிப்பதே முறை. சில சென்சார்கள் சூடேறினால் ஊமையாகி, ஆறினால் பேசும். இழுத்துப்போய்ப் பட்டறை சேர்வதற்குள் வண்டி தானே ஸ்டார்ட் ஆகி ஓட்டியவரைப் பொய்யராக்கிவிடும். ஸ்கேனர் சென்சாரின் பெயரைச் சொன்னதும் புதிது வாங்க ஓடுவோர் பலர். அது குறிப்பது அந்த மின்பாதையை. சென்சார், வயர், இணைப்பு எல்லாம் அதில் அடக்கம். இணைப்பைப் பிடுங்கி முதலில் உள்ளே பார்க்கவேண்டும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்களே, செம்பின் களிம்பு, அது அங்கே பச்சையாகப் பூத்திருப்பதுண்டு.