கப்பலைப் படிக்கும் கைத்திறன்

திருப்பூருக்குப் பனியன் தொழிலைப் பார்க்க வருகிறவர்கள் நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், பவர் டேபிள், அயர்னிங் என்று பார்த்துக்கொண்டே போய், அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த ஷிப்பிங் அறையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர்கள் பல, ஃபீடர் கப்பலில் சுமார் 150 கடல் மைல் கடந்து கொழும்பில் தாய்க் கப்பலுக்கு மாறுகின்றன. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடிய அதே தடம். ஆயிரம், இரண்டாயிரம் பெட்டி சுமக்கும் இந்தச் சிறு கப்பல் பிந்தினால், 400 மீட்டர் நீளத் தாய்க் கப்பல் காத்திருக்காது. ஆகவே ஃபீடரைக் கண்காணிப்பதும் தையலைப் போலக் கற்றுத் தேற வேண்டிய தொழில் என்கிறேன்.

கப்பல் கண்காணிப்புத் திரையில் தேடும்போதே தேர்ச்சி தெரியும். கப்பலின் பெயர் மாறலாம். ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது. இருக்குமிடமும் வேகமும் கப்பலில் உள்ள ஏ.ஐ.எஸ். என்னும் அடையாளக் கருவியிலிருந்து தானாக வருகின்றன. சேருமிடம், சேரும் நேரம், மிதவை ஆழம் ஆகியவை கப்பலில் இருப்பவர் கையால் பதிபவை. போன பயணத்தின் நேரமே அழியாமல் நிற்பதுண்டு. அதனால் விவரம் தெரிந்தவர் மீதித் தூரத்தை வேகத்தால் வகுத்துத் தாமே கணக்குப் பார்க்கிறார். கொள்ளளவையும் அப்படியே நம்புவதில்லை. 1,700 பெட்டி என்று குறித்திருக்கும் கப்பலில், பெட்டிக்கு 14 டன் வீதம் ஏற்றினால் அத்தனை ஏறாது. பனியனோ எடைக்கு முன் இடத்தை நிரப்பும் சரக்கு; ஆனாலும் கப்பலின் கணக்கு மற்றச் சரக்கின் எடையையும் பொறுத்தது.

எஃப்.ஓ.பி. வியாபாரத்தில் பெட்டி கப்பலில் ஏறியதும் நம் பொறுப்பு முடிகிறதே என்பார்கள். ஏறுவதற்கு முன்தான் இந்தக் கணக்கு பெரிதும் தேவை. ஃபீடர் ஒரு நாள் பிந்துகிறது என்று முன்கூட்டித் தெரிந்து, பெட்டியை ஒப்படைக்க வேண்டிய கட்-ஆஃப் நேரமும் தள்ளிப்போனால், பேக்கிங் பிரிவில் ஓர் இரவு ஷிஃப்ட் மிச்சம். தெரியாமல் தவறவிட்டால் விமானச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில் விழும். கப்பல் கம்பெனியே தகவல் அனுப்புமே என்றால், அதையும் சரிபார்க்க வேண்டும்; ஆனால் ஏ.ஐ.எஸ். காட்டுவது கப்பலை மட்டும்தான். பெட்டி கொழும்பிலேயே தங்கிவிட்டதா என்பதை, நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அதன் எண்ணை முனையப் பதிவோடு ஒப்பிட்டே அறிய முடியும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கி, அட்டவணைகள் குலைந்தபோது இந்த ஒப்பீட்டின் அருமை புரிந்தது. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதால் ஃபீடர் ஒழிந்துவிடும் என்பதும் சரியல்ல. அதுவும் பெட்டி மாற்றும் துறைமுகமே. ஃபீடர் போகும் ஊர் மாறலாம், வேலை மாறாது.

ஓவர்லாக் டெய்லரின் திறமையைத் திருப்பூர் பீஸ் கணக்கில் மதிக்கிறது. கப்பலைப் படிக்கத் தெரிந்தவரை இன்னும் அலுவலக உதவியாளராகவே நடத்துகிறது. பயிற்சி நிலையங்கள் இதைப் பாடமாக்க வேண்டும். முதலாளிகள் இதைத் திறனாக ஏற்றுச் சம்பளம் தர வேண்டும்.