பம்பாயில் அடித்த பவுன்

பிரிட்டிஷ் தங்க நாணயம் சேர்ப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் 1937 எட்டாம் எட்வர்ட் சவரனைத்தான் சொல்வார்கள். மன்னர் முடி துறந்ததால் புழக்கத்துக்கே வராத காசு. 2020-இல் ஒன்று பத்து லட்சம் பவுண்டுக்குப் போனது. நமக்கு அதெல்லாம் படத்தில் பார்க்கத்தான்.

என் ஓட்டு 1918-க்கு. உலகப் போர்க் காலத்தில் லண்டன் ராயல் மின்ட் பம்பாயில் ஒரு கிளை திறந்தது. அங்கே சவரன் அடித்தது அந்த ஒரே ஆண்டுதான். முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். பின்பக்கம் பிஸ்ட்ருச்சி வடித்த புனித ஜார்ஜ், குதிரை, டிராகன். அச்சு அசல் லண்டன் காசு போலவே இருக்கும். லென்ஸை வைத்து, ஆண்டு எண்ணுக்கு மேலே ஓடும் தரைக்கோட்டைப் பாருங்கள். கடுகளவில் ஓர் 'ஐ' தெரியும்; காசு அடித்த இடத்தைச் சொல்லும் குறி அது. சிட்னி என்றால் 'எஸ்', பெர்த் என்றால் 'பி'.

நம்மூரில் பல பழைய பவுன்கள் காசுமாலையிலும் பதக்கத்திலும் ஏறிவிட்டன. விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். தங்க விலைதான் தருவார். கழுத்தில் கிடந்து தேய்ந்த காசுக்கு இப்படி மதிப்பைக் குறைப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

இன்னொன்று. 7.99 கிராம், 22 காரட் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். நல்ல தங்கத்திலேயே அடித்த போலிகள் உண்டு. எழுத்து மழுங்கியிருக்கிறதா, விளிம்பு வரிகள் சீராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதலில் பத்து மடங்கு லென்ஸ் வாங்குங்கள், தராசு அப்புறம்.